கன்னத்தில் கட்டிய சாவி

பிரேசர் டவுன், பெங்களூர்
16-6-1958

அன்புள்ள பிரிஜெட் அக்காவுக்கு,

தேவமாதா துணையால் நானும் அம்மாவும் சுகம். மழை தொடங்கியதால் அம்மாவின் முட்டிவலியும் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் உனக்கு இந்த மாதமாவது பகல் டியூட்டி கிடைத்ததா?

சனிக்கிழமை அரைநாள் வேலை. நானும் காந்தாவும் அடுகோடியிலிருந்து பஸ் பிடித்து சவுத் பரேடு போனோம். காந்தா ஸ்ரீராம்புரத்துப் பெண், கல்யாணமானவள். ஒர்க்ஷாப்பில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது, எனக்குப் பக்கத்து நாற்காலி. வளையல் வாங்கப் போனவர்களை மழை தியேட்டருக்குள் தள்ளிவிட்டது. என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை.

இங்கிலீஷ் படம். வானத்திலிருந்து ஒரு கப்பல் ஒரு மலைக் கிராமத்தில் விழுகிறது. உள்ளே ஆள் இல்லை. இருட்டில் மின்னும் தூள் மட்டும் பெட்டி பெட்டியாக இருக்கிறது. ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம். எண்ணெய் வேண்டாம், திரி வேண்டாம், சுவரில் பூசினால் வீடெல்லாம் வெளிச்சம். ஒரு டாக்டர் மட்டும் வேண்டாம் என்கிறார், யாரும் கேட்கவில்லை. பின்சீட்டுக்காரர்கள் ராட்சசன் எப்போது வருவான் என்று விசில் அடித்துவிட்டு இடைவேளையில் எழுந்து போய்விட்டார்கள். ராட்சசன் வரவே இல்லை, அக்கா. ஒரு தாய் குழந்தையைத் தூங்கவைக்கிறாள். குழந்தை கண்ணை மூடுகிறது. மூடிய இமைக்குள்ளிருந்து வெளிச்சம் தெரிகிறது. அவ்வளவுதான்.

கடைசியில் அந்த வானத்து மனிதர்கள் வருகிறார்கள். பார்க்க நம்மைப் போலவே இருக்கிறார்கள். "நாங்கள் இதைப் பரிசாகக் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் வைக்க இடமில்லாமல் இங்கே கொண்டுவந்து கொட்டினோம்" என்கிறார்கள். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ்தான் புரிந்தது. காந்தா வழியெல்லாம் "இன்னாக்கா கதை இது, சண்டையும் இல்ல, பாட்டும் இல்ல" என்று திட்டிக்கொண்டே வந்தாள். நானும் சிரித்தேன்.

வேறு விசேஷமில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
யூனிஸ்

சென்னை
27-6-1958

அன்புத் தங்கை யூனிஸுக்கு,

சர்வேசுரன் கிருபையால் சுகம். அம்மா முட்டிக்கு நல்லெண்ணெய் சூடுபண்ணித் தேய்த்துவிடு. எனக்கு இன்னும் இரவு டியூட்டிதான்.

உன் கடிதத்தை ரூமில் இருக்கும் பியாட்ரிஸிடம் படித்துக் காட்டினேன். கதையை நீயே எழுதியிருப்பாய் என்கிறாள். எட்டு வருஷமாகக் கடிதம் எழுதுகிறாய், ஒரு சினிமாவைப் பற்றி நாலு வரிக்குமேல் எழுதியதில்லை. இந்தத் தடவை ஒரு பக்கம் எழுதிவிட்டு 'வேறு விசேஷமில்லை' என்று முடித்திருக்கிறாய்.

ஒன்று கேட்கிறேன். ஒர்க்ஷாப்பில் கடிகாரத்துக்கும் விமானத்து மீட்டருக்கும் எண் எழுதுவதாக முன்பு சொன்னாயே, அந்த மருந்தும் இருட்டில் மின்னுமா? அதன் பெயர் என்ன?

டென்சில் வீட்டார் உன்னைப் பெண் பார்க்க வருவதாக அம்மா சொன்னதை முன்பு எழுதியிருந்தாயே. வந்தார்களா?

அன்பு அக்கா
பிரிஜெட்

பிரேசர் டவுன்
4-7-1958

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

அதன் பெயர் ரேடியம். மிஸ்டர் ரெமிஜியஸ் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய டயல்களைச் சுரண்டிவிட்டு நாங்கள் புதிதாக எழுதுவோம். வேலை சுத்தம், நிழலில் உட்கார்ந்த வேலை. அப்பா இறந்த மாதமே கோயிலில் வந்து, "பொண்ண என்கிட்ட அனுப்புங்கம்மா" என்று கேட்டு இந்த வேலையைக் கொடுத்தவர் அவர்தான். ஆறு வருஷம் ஆகிறது. மற்றப் பெண்கள் அஞ்சு பேருக்கும் நான்தான் வேலை காட்டிக்கொடுத்தேன். பிரஷ் முனை ஊசி மாதிரி இருந்தால்தான் எண் பிசிறாது. உதட்டில் வைத்து ஒரு உருட்டு உருட்டினால் முனை சேர்ந்துவிடும். ஒரு டயலுக்கு நாலைந்து தடவை. ருசி ஒன்றும் இல்லை, மணல் மாதிரி நரநரக்கும்.

அந்தப் படத்தை எதற்காக எழுதினேன் என்று தெரியவில்லை. ஆனால் போன வாரம், எழுதிய டயல் மின்னுகிறதா என்று சரிபார்க்கிற இருட்டு ரூமுக்குள் போனபோது, காந்தா விளையாட்டாக நெற்றியில் மருந்தால் பொட்டு வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்து அவள் நெற்றியை என் முந்தானையால் துடைத்தேன். "பேஜாரு பண்ணாதேக்கா" என்றாள்.

காந்தாவுக்குக் கொஞ்ச நாளாகப் பல்வலி. உனக்கு ஏதாவது மருந்து தெரிந்தால் எழுது. கீழ்த்தாடை, இடது பக்கம்.

யூனிஸ்

சென்னை
9-7-1958

அன்புத் தங்கைக்கு,

சுகம் விசாரிக்கக்கூட நேரமில்லாமல் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். கடிதம் கிடைத்த அன்றே எங்கள் எக்ஸ்ரே டாக்டரிடம் போய்க் கேட்டேன்.  நான் சொல்லி முடித்ததும், "உதட்டுலயா வைக்கிறாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

யூனிஸ், இந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பிரஷ் உன் வாய்க்குப் போகக் கூடாது. மற்றப் பெண்கள் வாய்க்கும் போகக் கூடாது. அந்தக் காந்தாவைப் பல் டாக்டரிடம் போகவேண்டாம் என்று சொல். பல்லைப் பிடுங்கக் கூடாதாம், பிடுங்கினால் ஆறாதாம். உனக்குப் பல் எல்லாம் சரியாக இருக்கிறதா? உடனே பதில் போடு.

பிரிஜெட்

பிரேசர் டவுன்
17-8-1958

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பதில் தாமதம். உன் இரண்டு கார்டுகளும் வந்தன. வேலை ஜாஸ்தி.

காந்தாவின் பல்லை உன் கடிதம் வருமுன்பே பிடுங்கியாகிவிட்டது. கிளீவ்லண்ட் டவுன் டாக்டர் ரொம்ப சுலபமாக வந்துவிட்டது என்றாராம். பல்லோடு எலும்புச் சில்லும் வந்தது. குழி இன்னும் மூடவில்லை. பக்கத்துப் பல்லும் ஆடுகிறது. உப்புத் தண்ணீர் கொப்பளிக்கிறாள். வலியைவிட வாடைதான் கஷ்டம் என்கிறாள். பேசும்போது கைக்குட்டையை வைத்துக்கொள்கிறாள்.

மிஸ்டர் ரெமிஜியஸிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். "யூனிஸ், இது மருந்தும்மா! சீமையில இதத் தண்ணியில கலந்து டானிக்குன்னு குடிக்கிறாங்க. இங்க பாரு" என்று என் பிரஷை வாங்கித் தன் உதட்டிலேயே வைத்துக் காட்டினார். "சினிமா பாத்துட்டு வந்து பொண்ணுங்கள பயமுறுத்தாத. அது கதைம்மா."

கதைதான், அக்கா. அதுதான் எனக்குப் புரியவில்லை. அதை எழுதியவர் அடுகோடியைப் பார்த்திருக்கமாட்டார். நான் அதற்குப் போனது மழைக்கு ஒதுங்க. ஆனால் தண்ணீர்க் குழாயடியில், கோயிலில், பூசைக்கு மணி அடிக்கும்போதுகூட அந்தக் கிராமத்து ஜனங்கள் சிரித்த முகத்தோடு சுவருக்குப் பூசிக்கொண்டு நிற்பது தெரிகிறது. அவர்களில் ஒருவர்கூடக் கெட்டவரில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நான் இப்போது உதட்டில் வைப்பதில்லை. மற்றவர்கள் வைக்கிறார்கள். தண்ணீரில் நனைத்தால் பாதி டயல்தான் முடிகிறது. டயலுக்கு இவ்வளவு என்று கூலி.

யூனிஸ்

சென்னை
22-8-1958

அன்புத் தங்கைக்கு,

இத்தோடு கறுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம் வருகிறது. உள்ளே இருப்பது எக்ஸ்ரே ஃபிலிம். பிரிக்காதே, வெயிலில் வைக்காதே. காந்தா தூங்கும்போது இதை இடது தாடையில் வைத்துத் துணியால் கட்டிக்கொள்ளட்டும். கன்னத்துக்கும் பொட்டலத்துக்கும் நடுவே இரும்புச் சாமான் ஏதாவது வைக்கவேண்டும், ஒரு சாவி போதும். பதினைந்து நாள் கழித்து எனக்கு அனுப்பு. உடம்புக்குள் அந்த மருந்து இருந்தால் ஃபிலிம் கறுக்கும், சாவி இருந்த இடம் மட்டும் வெளுத்து நிற்கும். ஒன்றும் இல்லையென்றால் எதுவுமே விழாது.

உன் பல்லைப் பற்றி இரண்டு தடவை கேட்டேன். நீ பதில் எழுதவில்லை. டென்சில் வீட்டாரைப் பற்றியும் எழுதவில்லை.

பிரிஜெட்

பிரேசர் டவுன்
12-9-1958

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். மரியாயின் பிறந்த திருநாளுக்கு சிவாஜி நகர் கோயிலுக்குப் போனோம். கூட்டத்தில் அம்மா தளர்ந்துவிட்டாள், வேறொன்றுமில்லை.

நீ சொன்னபடி பதினைந்து நாள் கட்டியாயிற்று. காந்தாவின் பொட்டலம் இத்துடன். என் பல் எல்லாம் சரியாக இருக்கிறது.

எது தெரிந்தாலும் ஒளிக்காமல் எழுது. காந்தா கேட்கிறாள்.

யூனிஸ்

சென்னை
29-9-1958

அன்புத் தங்கை யூனிஸுக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். உன் பல் சரியாக இருக்கிறது என்று படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

காந்தாவின் ஃபிலிமைக் கழுவினார்கள். முழுக்கக் கறுப்பு. நடுவில் சாவி வெள்ளையாக இருக்கிறது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நீ ஒளிக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். அவளிடம் சொல்லாதே.

உடம்பு அந்த மருந்தைச் சுண்ணாம்பு என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துவிடுகிறதாம். சேர்ந்தது போகாது. எடுக்க வழியில்லை. ஏழெட்டு மாதத்தில் இவ்வளவு சேர்ந்திருக்காது, அவள் முன்பே எங்கோ இந்த வேலை செய்திருக்கவேண்டும் என்கிறார். தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வரும். கெட்ட பாகத்தை வெட்டி எடுக்கலாம். முகம் கோணிப்போகும். அதற்குப் பிறகு சிலர் பத்து வருஷம் இருந்திருக்கிறார்கள், சிலர் ஒரு வருஷம்கூட இல்லை. ரத்தம் சுண்டிப்போனால் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளை பெறுவது நல்லதல்ல.

பாவம், சின்னப் பெண். புருஷன் நல்லவனா? அவளுக்கு வேண்டியதைச் சாப்பிடக் கொடுங்கள், சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு என்ன சொல்ல.

நீ உடனே அந்த வேலையை விட்டுவிடு. உனக்கு வரவில்லையே என்று நான் சர்வேசுரனுக்கு நன்றி சொல்வது பாவமோ என்னவோ, சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் அக்கா
பிரிஜெட்

சென்னை
11-10-1958

யூனிஸ்,

நான் எழுதிப் பன்னிரண்டு நாளாகிறது, உன்னிடமிருந்து பதில் இல்லை. நேற்று டாக்டர் அந்த ஃபிலிமை மற்ற டாக்டர்களுக்குக் காட்ட எடுத்தார். நானும் பக்கத்தில் நின்றேன். போன தடவை நான் கறுப்பைத்தான் பார்த்தேன், சாவியைப் பார்க்கவில்லை.

சாவிக்கு மூன்று பல். நடுப் பல் பாதி ராவியிருக்கிறது. நம் வீட்டு பீரோவின் பூட்டு மாற்றியபோது சாவி சேரவில்லை என்று அப்பா வாசலில் உட்கார்ந்து அரம் போட்ட சாவி. அவர் ராவும்போது நான்தான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். பீரோ சாவி காந்தா வீட்டுக்கு எப்படிப் போகும்?

நான் எழுதிய கடிதத்தை நீ எப்படிப் படித்திருப்பாய், எங்கே உட்கார்ந்து படித்திருப்பாய்! 'பாவம், சின்னப் பெண்' என்று எழுதினேனே. யாரோ என்று நினைத்து எழுதினேனே, கண்ணு.

லீவு கேட்டிருக்கிறேன். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் புதன்கிழமை காலை கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இருப்பேன். உன்னை இங்கே அழைத்து வந்துவிடுகிறேன். ஒரு வரி எழுது.

அக்கா

பிரேசர் டவுன்
13-10-1958

அன்புள்ள அக்காவுக்கு,

அழாதே. உன் கடிதத்தைக் கோயில் தோட்டத்தில் உட்கார்ந்து படித்தேன். நீ யாரோ என்று நினைத்து எழுதியதால்தான் எனக்கு உண்மை கிடைத்தது. எனக்கு என்று எழுதியிருந்தால் 'பயப்படாதே, சரியாகிவிடும்' என்று எழுதியிருப்பாய். அதற்காகத்தான் காந்தா பெயரைப் போட்டேன். காந்தாவுக்குப் பல்வலியே இல்லை. மே மாதத்திலிருந்து எனக்குத்தான். படம் பார்க்கும்போதே தாடை வலித்துக்கொண்டிருந்தது.

பதில் எழுதாத நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன். டென்சில் வீட்டார் இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை, கர்வம் பிடித்தவள் என்று பேர்.

பிறகு ஒர்க்ஷாப்பில் பெண்களிடம் சொன்னேன். என் வாயைத் திறந்தே காட்டினேன். ஒருத்தி திரும்பிக்கொண்டாள், ஒருத்தி "உனக்கு ரத்தம் கெட்டுருக்கும்" என்றாள். அடுத்த நிமிஷம் அஞ்சு பேரும் பிரஷை உதட்டில் வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. நான் காட்டிக்கொடுத்த வேலை. படத்தில் அந்த டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார், யாரும் கேட்கவில்லை. நான் சொல்வதை நிறுத்தினேன். மறுநாள் காலை மற்றவர்களுக்கு முன்னால் போய், கத்தரிக்கோலால் எல்லாப் பிரஷ்களின் மயிரையும் அடியோடு வெட்டினேன். பதினொரு பிரஷ்.

மிஸ்டர் ரெமிஜியஸ் வந்து பார்த்தார். "யாரு செஞ்சது?" என்றார். "நான்தான் சார்" என்றேன். கைக்குட்டையை எடுத்துவிட்டு அவர் முன்னால் நின்று பேசினேன். வாடை அவருக்குப் போயிருக்கும். ஒரு எட்டு பின்னால் போனார். "ஏம்மா, இத எனக்கு ஏன் சொல்லல?" என்றார். "சொன்னேன் சார். நீங்க சிரிச்சீங்க" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பிரஷ் வாங்க ஆள் அனுப்பவில்லை. நான்கு நாள் கதவு சாத்தியிருந்தது. இப்போது மறுபடி திறந்து, கண்ணாடிக் குச்சியால் எழுதச் சொல்கிறாராம். என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். காந்தாவை அவள் புருஷனிடம் பேசி நிறுத்திவைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. நீ வந்து சொல்லு. காந்தாவுக்கு ஒரு பொட்டலமும் கொண்டுவா.

யூனிஸ்

சென்னை
3-4-1959

அன்புத் தங்கைக்கு,

இங்கே ஆபரேஷன் முடிந்து நீ ஊர் போய்ச் சேர்ந்து மூன்று வாரமாகிறது. அம்மா கஞ்சியை வடிகட்டித்தானே கொடுக்கிறாள்? வெட்டின இடத்தில் தையல் பிரிந்தால் உடனே தந்தி அடி. உன் ரத்தத்தைப் பார்த்த அறிக்கை வந்திருக்கிறது. மாசியில் இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் குறைந்திருக்கிறது. இனி எதையும் ஒளிப்பதில்லை என்று சத்தியம் செய்தோமல்லவா, அதனால் எழுதுகிறேன். ஜூனில் மறுபடி பார்க்கவேண்டும்.

காந்தா கட்டிக்கொண்டு அனுப்பிய ஃபிலிமையும் கழுவினார்கள். ஒன்றும் விழவில்லை. மூன்று தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வெறும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. எட்டு மாதத்தோடு நின்றதில் தப்பித்துவிட்டாள் என்கிறார் டாக்டர். இதை நீயே போய்ச் சொல்.

அக்கா

பிரேசர் டவுன்
9-4-1959

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். நான் கஞ்சியும் முட்டையும் குடிக்கிறேன். ரத்தச் செய்தியைப் படித்தேன். ஜூனில் வருகிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் முகத்தை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறேன், உனக்குத் தெரியும். கோயிலுக்கும் அப்படித்தான். நேற்று காலை அப்படியே பஸ் ஏறி ஸ்ரீராம்புரம் போனேன். காந்தா குழாயில் தண்ணீர் பிடித்து இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். சந்திலேயே நிறுத்திச் சொன்னேன். என் பேச்சு இப்போது குழறுகிறது, இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. "ஒண்ணும் இல்ல காந்தா. உன் உடம்புல ஒண்ணுமே இல்ல."

அவள் முகமெல்லாம் சிரிப்பு. "சாமி காப்பாத்திச்சுக்கா!" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அப்போ நா திங்கக்கெழமையிலருந்து ஒர்க்ஷாப்புக்குப் போலாமாக்கா? சார் ஆள் அனுப்பிச்சாரு. ஆர்டர் ஜாஸ்தியாம். கண்ணாடிக் குச்சில எழுதறது லேட் ஆகுதுன்னு மறுபடி பிரஷ் வாங்கிட்டாராம். நா வாயில வெக்க மாட்டேன்க்கா. எப்பவாச்சும் அவசரத்துக்கு..."

 பதில் சொல்ல வாய் சரியாக இல்லை. முந்தானையை எடுத்து முகத்தைக் காட்டினேன்.

காந்தா குடத்தைக் கீழே வைத்தாள்.

அவ்வளவுதான் அக்கா. நாளை ஒர்க்ஷாப்பின் மற்ற நாலு பெண்களின் வீடுகளுக்கும் போகப்போகிறேன், முகத்தை மூடாமல். காந்தா கூட வருகிறேன் என்றிருக்கிறாள்.

உன் தங்கை
யூனிஸ்